பங்க்கிலிருந்து வயல் வரை: டிராக்டர் டீசலின் கடைசிக் கிலோமீட்டர்

சுத்திகரிப்பு ஆலையிலிருந்து பெட்ரோல் பங்க்கின் நிலத்தடித் தொட்டி வரைக்கும் டீசலுக்குக் காவல் அதிகம். ஒவ்வொரு லோடுக்கும் அடர்த்தி பார்க்கிறார்கள். டேங்கர் லாரியின் வால்வுகளைப் பூட்டி அனுப்புகிறார்கள். இறக்குவதற்கு முன்னால் எர்த் கம்பி மாட்டுகிறார்கள். தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று அளவுகோலில் பசை தடவி விட்டுப் பார்க்கிறார்கள். அதே டீசல் நம் கேனில் இறங்கியதும் இந்தக் காவல் மொத்தமும் முடிந்துபோகிறது. அங்கிருந்து வயலில் நிற்கும் டிராக்டரின் டேங்க் வரைக்குமான சில கிலோமீட்டர் தூரத்துக்கும், கொட்டகையில் அது கிடக்கும் நாட்களுக்கும் விவசாயி ஒருவரே பொறுப்பு. டீசலில் தண்ணீர் சேர்வதும், தூசி விழுவதும், விபத்து நடப்பதும் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். ஆனால் இதைப் பற்றித்தான் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

"டிராக்டரையே பங்க்குக்கு ஓட்டிப் போகலாமே" என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கேட்பதுண்டு. சேற்று உழவுக்குக் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் தார்ச்சாலையில் ஏறக் கூடாது. செயின் வண்டி என்று சொல்லும் பெல்ட் அறுவடை இயந்திரம் லாரியில் ஏற்றித்தான் ஊர் மாறும். மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் மாட்டிய 45 குதிரைத்திறன் டிராக்டர், மண்ணைப் பொறுத்து, மணிக்கு ஏறக்குறைய 4 முதல் 6 லிட்டர் வரை குடிக்கும். அந்த அளவு டிராக்டர்களின் டேங்க் பொதுவாக 55, 60 லிட்டர்தான். காலையில் இறங்கி இருட்டும் வரை ஓட்டினால் டேங்க் காலியாகிவிடும். மேட்டூர் அணை திறந்து குறுவைக்கு உழவு தொடங்கும்போதும், தை மாதத்தில் சம்பா அறுவடையின்போதும், ஊரில் இருக்கிற எல்லா வண்டிகளும் ஒரே வாரத்தில் ஓடும். அப்போது வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பத்து கிலோமீட்டர் போய்வருவது யாருக்கும் கட்டாது. அதனால் கேனும் 200 லிட்டர் பேரலும் தவிர்க்க முடியாதவை.

டீசலைச் சேர்த்து வைப்பதற்கு முன்பு இன்னொரு காரணமும் இருந்தது. விலையை அரசு நிர்ணயித்த காலத்தில், ஏற்றம் மொத்தமாக ஒரே நாளில் வரும். அறிவிப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் முதல் நாள் இரவே பங்க்கில் கூட்டம் கூடும். பேரல் பேரலாக வாங்கி வைப்பார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2017 ஜூன் 16 முதல் விலையைத் தினமும் மாற்றும் முறை நாடு முழுக்க வந்தது. விலை ஏறும் முன் வாங்கிக் குவிப்பதில் இப்போது பெரிய லாபம் இல்லை. பழைய பழக்கத்தில் இன்றும் நான்கைந்து பேரலை நிரப்பி வைப்பவர்கள், மிச்சமாகும் காசைவிடப் பெரிய செலவைத் தங்கள் டிராக்டரின் டீசல் பம்ப்புக்கு வரவழைத்துக் கொள்கிறார்கள் என்பதே என் எண்ணம். அது எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது?

இந்தியாவில் இதற்கு அடிப்படை 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும் 2002ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளும். நடைமுறைப்படுத்துவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. எரிபொருளை இந்தச் சட்டம் அதன் தீப்பற்று வெப்பநிலையை வைத்து வகை பிரிக்கிறது. எந்தச் சூட்டில் எண்ணெயின் மேற்பரப்பிலிருந்து கிளம்பும் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றுமோ, அதுதான் தீப்பற்று வெப்பநிலை. அது 23 டிகிரிக்குக் கீழே இருந்தால் 'ஏ' வகை. பெட்ரோல் இதில் வரும். 23 முதல் 65 டிகிரிக்குள் இருந்தால் 'பி' வகை. டீசல் இதில் வரும்.

'பி' வகையை உரிமம் இல்லாமல் ஒரே இடத்தில் 2,500 லிட்டர் வரை வைத்திருக்கலாம், கொண்டுசெல்லலாம் என்கிறது சட்டத்தின் 7ஆம் பிரிவு. ஆனால் எந்த ஒரு கலனும் 1,000 லிட்டருக்கு மேல் கொள்ளக் கூடாது. பெட்ரோலுக்கோ, விற்பனைக்கு அல்லாத பட்சத்தில், 30 லிட்டர்தான் வரம்பு. ஆக, சொந்த உபயோகத்துக்கு ஒன்றிரண்டு பேரல் டீசல் வைத்திருக்கும் விவசாயி குற்றவாளி இல்லை. கேனோடு போகிறவர்களை எல்லாம் சந்தேகத்தோடு பார்க்கும் பங்க் ஊழியர்களுக்கும் இது தெரிந்திருந்தால் நல்லது. அதே சமயம், ஊரில் கலவரம், பதற்றம் என்றால் கேனில் விற்கக் கூடாது என்று காவல்துறை உத்தரவு போடுவதுண்டு. அந்த நாட்களில் பங்க்கில் மறுத்தால் சண்டை போட்டுப் பயனில்லை.

வைத்திருப்பது வேறு, விற்பது வேறு. பேரலில் இருப்பதைப் பக்கத்து வயல்காரருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று விற்கத் தொடங்கினால் அது 2005ஆம் ஆண்டின் டீசல் விநியோக ஒழுங்குமுறை ஆணைக்குள் போய்விடுகிறது. அந்த ஆணைப்படி எண்ணெய் நிறுவனம் நியமித்த முகவர் மட்டுமே விற்கலாம். ரயிலில் டீசல் கேனை ஏற்றினால் ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவில் மூன்றாண்டுச் சிறைவரை தண்டனை உண்டு. பேருந்திலும் ஏற்றாமல் இருப்பதுதான் முறை. நம் டீசலுக்காக அறுபது பேரின் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை.

டீசல் பற்றாது என்ற நம்பிக்கை

கிராமங்களில் இது ரொம்ப ஆழமாக வேரூன்றியிருக்கிறது. "தீக்குச்சியை டீசலில் போட்டால் அணைந்துவிடும்" என்று செய்து காட்டுபவர்களும் இருக்கிறார்கள். குளிர்ந்த டீசலில் அப்படி நடக்கலாம். அதை வைத்துக்கொண்டு மே மாதக் கொட்டகையில் நம்பிக்கையோடு நிற்க முடியாது. ஐரோப்பாவில் வாகன டீசலுக்குத் தீப்பற்று வெப்பநிலையின் கீழ்வரம்பு 55 டிகிரி. நம் நாட்டின் ஐஎஸ் 1460 தரக்குறிப்பில் அது 35 டிகிரிதான். விற்பனைக்கு வரும் எல்லா டீசலும் அந்த விளிம்பில் இருக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த விளிம்பு வரைக்கும் இருக்க அனுமதி உண்டு. கோடையில் வேலூரிலும் திருத்தணியிலும் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். வெயிலில் நிற்கும் இரும்புப் பேரல் அதைவிட எவ்வளவோ அதிகமாகச் சுடும். பேரலின் மூடியைத் திறக்கும்போது மேலே தேங்கியிருக்கும் ஆவி, பக்கத்தில் ஒருவர் பற்றவைக்கும் பீடிக்குக் காத்திருக்கும் நிலையில் இருக்கக்கூடும்.

இரண்டாவது விஷயம் இன்னும் குறைவாகத் தெரிந்தது. பொறியே இல்லாமல், வெறும் சூட்டில் தானாகப் பற்றும் வெப்பநிலை என்று ஒன்று இருக்கிறது. அதில் பெட்ரோலைவிட டீசல் சுலபமாகப் பற்றும். சுமார் 210 டிகிரி போதும். டீசல் இன்ஜின் ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஓடுவதே இந்தக் குணத்தை நம்பித்தான். சுமை இழுத்து ஓடிக்கொண்டிருந்த டிராக்டரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்ற புகைக்குழாய் இந்தச் சூட்டை எளிதில் தாண்டிவிடும். இன்ஜினை நிறுத்தாமல் கேனிலிருந்து டேங்க்கில் ஊற்றும்போது வழிந்து அதன்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வேலை எவ்வளவு அவசரமாக இருந்தாலும் வண்டியை அணைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு ஊற்ற வேண்டும்.

இப்போது பல வீடுகளில் களை எடுக்கும் பவர் வீடரும் பிரஷ் கட்டரும் வந்துவிட்டன. இவற்றில் பல பெட்ரோலில் ஓடுபவை. அதனால் ஒரே கொட்டகையில் பெட்ரோல் கேனும் டீசல் கேனும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. இன்று பெட்ரோல் வாங்கிய கேனிலேயே நாளைக்கு டீசல் வாங்கினால், அடியில் தங்கிய கொஞ்சப் பெட்ரோலே டீசலின் தீப்பற்று வெப்பநிலையை வெகுவாக இறக்கிவிடும். அப்புறம் அந்தக் கேனில் இருப்பதை டீசல் என்று நினைத்துக் கையாள்வது ஆபத்து. கேனுக்கு ஒரு நிறம், மேலே பெரிய எழுத்தில் பெயர் என்று பிரித்து வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது. குளிர்பான பாட்டிலிலும் தண்ணீர் பாட்டிலிலும் எந்த எரிபொருளையும் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

காலிப் பேரலைப் பற்றி ஒரு வார்த்தை. நிறைந்த பேரலைவிடக் காலியானதுதான் பயப்பட வேண்டியது. உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். அதை இரண்டாக வெட்டித் தொட்டி செய்யலாம் என்று வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய், கேஸ் கட்டிங் வைத்ததும் வெடித்து உயிர்போன செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டு முறை தண்ணீர் விட்டுக் கழுவினாலும் மடிப்புகளில் தங்கிய எண்ணெய் போகாது. சூடு பட்டதும் ஆவியாகும்.

வாயால் உறிஞ்சுவது

பேரலில் டியூபை விட்டு, வாயால் இழுத்து, டீசல் வந்ததும் கேனுக்குள் விடுவது. இதைச் செய்யாத ஊர் இருக்குமா என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றச் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

டீசல் வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் மோசம். அது தண்ணீரைப் போல் ஓரிடத்தில் நிற்காது. மெல்லிய படலமாகப் பரவும். இழுக்கும்போது புரையேறி ஒரு சின்ன வாய் அளவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் நுரையீரலின் உள்சுவரை எரித்து, வேதிப்பொருளால் வரும் நிமோனியாவில் கொண்டுவிடும். முதலில் வெறும் இருமல் மாதிரி இருக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் மூச்சுத் திணறலும் காய்ச்சலும் வரும். அதனால் "ஒன்றும் ஆகவில்லை" என்று வேலையைத் தொடர்பவர்கள் இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கிறது. இங்கே வீட்டு வைத்தியம் இன்னும் கெடுதல். விழுங்கியவரை உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தால், மேலே வரும் டீசல் இரண்டாவது முறை நுரையீரலுக்குள் போக வாய்ப்புக் கொடுக்கிறோம். வாந்தி எடுக்க வைக்காமல், நேராக உட்காரவைத்து, உடனே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

மாற்று வழிகள் விலை அதிகம் இல்லை. கையால் சுழற்றும் பேரல் பம்ப், அமுக்கி விடும் ரப்பர் பல்பு வைத்த டியூப் என்று எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். எதுவுமே கையில் இல்லாவிட்டால், டியூப் முழுவதையும் டீசலுக்குள் முக்கி, அதற்குள் இருக்கும் காற்று வெளியேறியதும் ஒரு முனையைக் கட்டைவிரலால் இறுக்க அடைத்து வெளியே எடுத்து, பேரல் மட்டத்துக்குக் கீழே கொண்டுவந்து விரலை எடுத்தால் தானாக ஓடும். வாய் தேவையே இல்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

தீயைவிட அடிக்கடி செலவு வைப்பது தண்ணீர். "நான் தண்ணீர் ஊற்றவே இல்லையே" என்று, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிக் காட்டும் மெக்கானிக்கிடம் எல்லோரும் சொல்வார்கள். ஊற்றாமலே சேரும் வழிகள் உண்டு.

பேரல் மூச்சு விடும். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி. டீசல் ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.08 சதவீதம் விரியும். காலையில் 25 டிகிரியில் இருந்த 200 லிட்டர் மதியம் 45 டிகிரிக்கு ஏறினால் மூன்று லிட்டருக்கு மேல் பெருகும். உள்ளே இருக்கும் காற்று அழுந்தி, மூடியின் சந்து வழியாக வெளியே போகும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நம் கடற்கரை மாவட்டங்களில் அந்தக் காற்றே ஈரம். இதைவிட மோசம், பேரலை வெட்டவெளியில் நிமிர்த்தி வைப்பது. மேல்தட்டின் விளிம்புக்குள் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும். மூடி அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கும். இரவில் பேரல் சுருங்கும்போது காற்றுக்குப் பதிலாக இந்தத் தண்ணீரைத்தான் உறிஞ்சும். மூடி இறுக்கமாக இருந்தாலும் வாஷர் பழசாகியிருந்தால் நாளுக்குக் கொஞ்சம் என்று இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதற்கு எளிய வழி உண்டு. நிறைந்த பேரலைப் படுக்கவைத்து, பெரிய மூடியும் சின்ன மூடியும் கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில் வரும்படி நிறுத்த வேண்டும். இரண்டு மூடிகளும் உள்ளே டீசல் மட்டத்துக்குக் கீழே இருக்கும். வாஷர் காயாது, வெளியிலிருந்து எதுவும் உள்ளே ஏறாது. உருளாமல் இரண்டு பக்கமும் கட்டை வைக்கவும். பாதி தீர்ந்த பேரலை நிமிர்த்தித்தான் வைக்க முடியும் என்றால், கூரைக்குக் கீழே, ஒரு பக்கத்துக்கு அடியில் செங்கல் கொடுத்து, இரண்டு மூடிகளில் எதுவும் தாழ்ந்த பக்கத்தில் வராதபடி சாய்த்து வைக்கலாம். மேலே தண்ணீர் விழுந்தாலும் மூடிகளில் தேங்காமல் தாழ்ந்த பக்கம் ஓடிவிடும். உள்ளே இருக்கும் கசடும் அந்தத் தாழ்ந்த பக்கத்தில் போய் ஒதுங்கும்.

இன்னொரு வழி கரைந்த தண்ணீர். சூடான டீசல் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. ஆறும்போது அதை வெளியே விடும். அது துளித்துளியாகச் சேர்ந்து அடியில் இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் எப்போதும் அடியில்தான் இருக்கும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே உள்ள கோட்டில் நுண்ணுயிர்கள் குடியேறும். ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை இதற்குப் பேர்போனது. இவற்றுக்குக் குடிக்கத் தண்ணீரும் தின்ன டீசலும் கிடைத்துவிட்டன. ஃபில்டரைத் திறந்தால் கருப்பாக, சளி மாதிரி வழவழப்பாக வருவது பெரும்பாலும் இவற்றின் வேலைதான். இவை விடும் அமிலம் இரும்பையும் அரிக்கும். தண்ணீர் இல்லையென்றால் இவை வளர முடியாது. அதனால் மருந்து ஊற்றுவதைவிடத் தண்ணீரை வெளியேற்றுவதுதான் சரியான வழி.

பழைய டிராக்டர்கள் இந்தக் கொடுமையை ஓரளவு தாங்கின. புதியவை அப்படி இல்லை. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க விற்கப்படும் பிஎஸ் 6 டீசலில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முன் 50 வரை இருக்கலாம். 2023 ஜனவரியிலிருந்து 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 என்ற புகை விதி வந்தது. அதற்காக, டீசலை மிக அதிக அழுத்தத்தில் நாசில்களுக்குத் தள்ளும் காமன் ரெயில் பம்ப்புகள் வந்துவிட்டன. பழைய நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கும். இவை ஆயிரம் பாருக்கு மேல் வேலை செய்பவை. உள்ளே ஊசிக்கும் குழலுக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்கு. அவ்வளவு நெருக்கத்தில் வழவழப்புக் கொடுப்பது டீசல் மட்டுமே. அந்த இடத்தில் ஒரு துளி தண்ணீர் வந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும். இந்தப் பம்ப்பை ஊர் மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய முடியாது. கழற்றி நகரத்துக்கு அனுப்ப வேண்டும். செலவு ஒரு பக்கம். நடவுக் காலத்தில் வண்டி நின்றுபோகும் நாட்களை யார் திருப்பித் தருவார்கள்?

டீசல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பேரலின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். தெளிவாக, பளிச்சென்று இருந்தால் சரி. மங்கலாகப் புகை படிந்த மாதிரி தெரிந்தால் தண்ணீர். ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் முத்து முத்தாக உருளும். நிறம் கறுத்து, வார்னிஷ் வாடை அடித்தால் டீசல் பழசாகிவிட்டது.

எதில் பிடிப்பது, எப்படி எடுப்பது?

முதலில் தவிர்க்க வேண்டியது ஜிஐ. துத்தநாகம் பூசிய டிரம், வாளி, பைப் எதுவும் டீசலோடு நாட்கணக்கில் இருக்கக் கூடாது. டீசலில் இருக்கும் லேசான அமிலங்கள் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு போன்ற பொருளாகும்; அது ஃபில்டரையும் நாசிலையும் அடைக்கும். செம்பும் பித்தளையும் டீசலைச் சீக்கிரம் பழசாக்கும். துருவில்லாத சாதாரண இரும்புப் பேரல், எரிபொருளுக்கென்றே செய்த கெட்டியான பிளாஸ்டிக் கேன் இரண்டும் நல்லவை. சமையல் எண்ணெய் வந்த மெல்லிய வெள்ளைக் கேன் வெயில் பட்டுச் சில மாதத்தில் நொறுங்கும். உள்ளே வெளிச்சம் போவதால் டீசலும் கெடும். பழைய பேரல் வாங்கும்போது முன்பு உள்ளே என்ன இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சாயப் பட்டறைக் கெமிக்கலும் பூச்சிமருந்தும் இருந்த பேரல்கள் மலிவாகக் கிடைக்கும். அவை நமக்கு வேண்டாம்.

பங்க்கில் கேனை வண்டிமேல் வைத்தபடியே பிடிக்காமல், தரையில் இறக்கி வைத்துப் பிடிக்க வேண்டும். கந்தகம் குறைந்த டீசல் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. அதனால் குழாயிலிருந்து வேகமாகப் பாயும்போது நிலைமின்சாரம் சேரும். தரையில் இருந்தால் அது இறங்கிவிட வழி கிடைக்கும். கழுத்து வரை நிரப்பவும் கூடாது. முன்னால் சொன்ன விரிவுக்கு ஐந்து சதவீதமாவது இடம் விட வேண்டும்.

எடையை நிறையப் பேர் குறைத்து நினைக்கிறார்கள். டீசல் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 830 கிராம். 200 லிட்டர் பேரல் தன் எடையோடு சேர்த்து 185 கிலோ வரை வரும். டிரெய்லரில் கட்டாமல் விட்டால் ஒரு பிரேக்கில் உருண்டு முன்னால் வந்து மோதும். இறக்கும்போது பழைய டயரைக் கீழே போட்டு அதன்மேல் தள்ளிவிடுவது வழக்கம். பேரலின் தையல் விடுவது அங்கேதான். இரண்டு பலகையைச் சரிவாகப் போட்டு, கயிற்றால் பிடித்து மெல்ல உருட்டி இறக்கலாம். பைக்கில் 35 லிட்டர் கேனைக் கட்டிக்கொண்டு போவதும் சாதாரணக் காட்சி. அது முப்பது கிலோ ஆட்டம். அதுவும் சைலன்சர் பக்கம் சாய்ந்து. பைக்தான் வழி என்றால் 20 லிட்டருக்கு மேல் வேண்டாம்.

கொண்டுவந்து வைத்த பேரலை ஒரு நாள் தொடாமல் விட வேண்டும். குலுங்கிய தண்ணீரும் கசடும் அடியில் படிய அவ்வளவு நேரம் ஆகும். பம்ப் பைப் அடித்தட்டைத் தொடாமல் ஐந்து சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். அதனால் பேரலில் சுமார் 12 லிட்டர் எடுக்காமல் கிடக்கும். இதைப் பார்த்துக் கஞ்சப்பட வேண்டாம். தனியாக ஒரு கண்ணாடி ஜாரில் எடுத்துத் தெளியவிட்டால் மேலே இருப்பதில் பெரும்பகுதி மறுபடி உதவும். டேங்க்கில் ஊற்றும்போது மெல்லிய வலை வைத்த புனல் போதும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் தூசி நின்றாலும் பஞ்சு நூல் உள்ளே போகும். மூடியைத் திறப்பதற்கு முன் அதைச் சுற்றி இருக்கும் மண்ணை ஒரு துணியால் துடைத்துவிடுவது இதைவிடப் பலன் தரும். வேலை முடிந்த மாலையிலேயே டேங்க்கை நிரப்பி வைப்பது நல்லது. காலி இடம் குறைந்தால் இரவில் ஈரக்காற்று வியர்ப்பதும் குறையும்.

எங்கே வைப்பது என்பதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வைக்கோல் போர், அடுப்பு, மோட்டார் சுவிட்ச் போர்டு, படுக்கும் அறை எல்லாவற்றிலிருந்தும் விலகி, நிழலில், காற்றோட்டமாக. கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் பக்கத்தில் கட்டாயம் வேண்டாம். கசிந்து மண்ணுக்குள் இறங்கிய டீசலைத் திரும்ப எடுக்க முடியாது. கிணற்றுத் தண்ணீரில் மிகமிகக் கொஞ்சம் கலந்தாலே வாடை தெரியும். தரையில் கொட்டிவிட்டால் தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளாமல் உமியையோ மணலையோ மரத்தூளையோ போட்டு ஊறவிட்டு அள்ளிவிட வேண்டும். தீப்பிடித்தாலும் தண்ணீர் கூடாது. எரியும் டீசல் தண்ணீர்மேல் மிதந்து பரவும். பக்கத்தில் இரண்டு வாளி மணலும் ஒரு பவுடர் தீயணைப்பானும் இருக்கட்டும்.

டெல்டாவில் இதோடு வடகிழக்குப் பருவமழையையும் யோசிக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபின் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தண்ணீர் இறைக்கவும் விழுந்த தென்னைகளை அப்புறப்படுத்தவும் டீசலை நம்பித்தான் வேலை நடந்தது. அந்த மாதிரி நேரத்தில் ஒரு பேரல் கையில் இருப்பது பெரிய பலம். ஆனால் பாதி காலியான பேரல் வெள்ளத்தில் மிதக்கும். கட்டாமல் வைத்தால் சாய்ந்து, மூடி வழியாகத் தண்ணீர் ஏறும். ஐப்பசி பிறப்பதற்குள் பேரலை உயரமான மேடைக்கு மாற்றித் தூணோடு கட்டிவிட வேண்டும். 2022இல் இலங்கையில் எரிபொருள் நெருக்கடி வந்தபோது டீசல் வரிசையில் நாள்கணக்கில் நின்றவர்களில் உழவர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் எரிபொருளை அளவு வைத்துக் கொடுக்கும் கியூஆர் குறியீட்டு முறை வந்த பிறகுதான் வரிசை குறைந்தது. அங்கேயும் வீடுகளில் எரிபொருளைச் சேர்த்து வைக்க வேண்டாம் என்று எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. பற்றாக்குறை நேரத்தில் சேர்த்து வைக்கத் தூண்டும் பயம் நியாயமானது. அந்தப் பயத்தில் கிடைத்த கலனில் எல்லாம் பிடித்து வீட்டுக்குள் வைப்பதுதான் ஆபத்தாகிறது.

எவ்வளவு வைத்திருக்கலாம்? நம் சூட்டில் டீசலை ஆறு மாதத்துக்கு மேல் நம்பக் கூடாது. ஒரு டிராக்டர் வைத்திருப்பவருக்குச் சீசனில் நாளுக்கு 40 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு பேரல் ஐந்து நாள் வரும். அதற்கு மேல் வைக்கத் தேவையில்லை என்பது என் கணக்கு. பேரலில் வாங்கிய தேதியைச் சாக்பீஸால் எழுதி, பழையது தீர்ந்தபின் புதியதைத் தொட்டால் போதும். 2018 மார்ச்சில் இந்தியன் ஆயில் புணேயில் வீடு தேடி டீசல் கொண்டுவரும் வண்டியைத் தொடங்கியது. அப்புறம் மற்ற நிறுவனங்களும் வந்தன. மீட்டர் வைத்த அந்த வண்டி கிராமத்துக்கு வருகிறது என்றால், நாலைந்து டிராக்டர்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்துக்கொள்ளலாம். கேனில் சுமக்கும் வேலையே மிச்சம்.

ஏற்கெனவே கெட்டுப்போன டீசல் இருக்கிறது, என்ன செய்வது என்றால், மங்கலாக மட்டும் இருந்தால் ஒரு வாரம் தெளியவிட்டு மேல்பாகத்தை எடுத்து, புது டீசலோடு கலந்து, பழைய மாடல் இன்ஜினுக்கு மட்டும் பயன்படுத்தலாம். காமன் ரெயில் வண்டிக்கு வேண்டாம். கறுத்து, சளி கட்டி, வாடை மாறியிருந்தால் எந்த இன்ஜினுக்கும் ஆகாது. அதை வாய்க்காலில் ஊற்றாமல், வரப்பில் களைக்கொல்லியாகத் தெளிக்காமல், பழைய இன்ஜின் ஆயில் எடுக்கும் உரிமம் பெற்ற வியாபாரியிடம் தனிக் கேனில் கொடுத்துவிட வேண்டும். காலியான பேரலை அடியிலிருக்கும் கசடு போகச் சுரண்டித் துடைத்து, வெயிலில் முழுதாகக் காயவைத்து, வாஷரை மாற்றியபின் மறுபடி நிரப்பலாம்.